மூன்றாம் அத்தியாயத்தில் உன் வரிகள்

கீழவாசல், தஞ்சாவூர்
10-2-1974

அன்புள்ள கமலாம்பாளுக்கு,

வைரக்கண்ணு எழுதும் கடிதம். நீயும் அத்தையும் நாகபுரிக் குளிரைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் அத்தைக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். நல்லெண்ணெயை லேசாகச் சூடு பண்ணித் தேய்த்தால் அடங்கும் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். மற்ற வேளைக்கு ஏதோ நடக்கிறது.

உன் அண்ணன் எழுதிய கார்டு மார்கழிக் கடைசியில் வந்தது. நான்கு வரி. முதல் மூன்று வரி சுகத்தைப் பற்றியது. நான்காவது வரி, புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் தான் எழுதியதையெல்லாம் எடுத்துவிடும்படி கமலா சொல்கிறாள் என்பது. ஏன் என்று அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

அதற்குப் பதில் போட எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிவிட்டது. இந்த நாட்களில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கூடவே ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நீ ஊரார் வாயால்தான் கேட்டாய். நான் சொல்ல நீ இடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அன்றைக்கு நான் நியாயம்தான் பேசியிருப்பேன். இப்போது பேச என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் அத்தியாயம். கார்டு வந்த மறுநாள் கையெழுத்துப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, சிவப்பு மையால் உன் வரிகளை அடிக்க உட்கார்ந்தேன். புகுமுக வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் வேதியியல் புத்தகம் எழுதித் தர ஒப்புக்கொண்டவன் நான்தான். மூன்றாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு முழித்தவனும் நான்தான். தனிம அட்டவணையைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு பக்கத்தை நீ அரிசி களைந்த ஈரக்கையோடு வாங்கிப் படித்தாய். எல்லாம் முடிந்துபோன சங்கதி மாதிரி இருக்கிறது, அவர்கள் எப்படித் தடுமாறினார்கள் என்று சொன்னால்தானே பிள்ளைகளுக்குப் புரியும் என்றாய். அன்று சாயங்காலமே நோட்டு உன் கைக்குப் போய்விட்டது. திருச்சியில் பி.எஸ்ஸி. முதல் வகுப்பில் தேறிவிட்டு, ஏழு வருஷம் என் பாடக்குறிப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நீ, அந்த ஒன்றரை மாதம் எனக்கு முன்னால் எழுந்து எழுதிக்கொண்டிருந்தாய்.

உன் முதல் வரி, "அறுபத்து மூன்று தனிமங்கள் தெரிந்துவிட்டன, எது எதற்கு உறவு என்று மட்டும் தெரியவில்லை." அதை அடித்தேன்.

அடுத்து மும்மைகள். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் கத்தியால் நறுக்கக்கூடிய மெதுவான உலோகங்கள், மூன்றும் தண்ணீர் பட்டால் சீறுபவை. அணு எடை ஏழு, இருபத்து மூன்று, முப்பத்தொன்பது. இப்படி மூன்று மூன்றாகச் சில குடும்பங்களை டாபரைனர் என்ற ஜெர்மானியர் கண்டார். மிச்சமிருந்த தனிமங்கள் அந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. நான் இதைப் பட்டியலாகப் போட்டிருந்தேன். நீ பட்டியலை எடுத்துவிட்டுப் படிக்கிற பிள்ளையையே வேலை வாங்கியிருந்தாய். "ஏழையும் முப்பத்தொன்பதையும் கூட்டிப் பாதியாக்குங்கள். நடுவில் இருக்கும் சோடியம் வந்துவிட்டதா? டாபரைனர் எழுந்து நின்றிருப்பார்." அதையும் அடித்தேன்.

பிறகு நியூலாந்து. எடை வரிசையில் அடுக்கிக்கொண்டு போனால் ஒவ்வொரு எட்டாவது தனிமமும் முதலாவதைப் போல இருக்கிறது என்று அவர் லண்டன் சபையில் சொன்னார். நீ ச ரி க ம ப த நி என்று எழுதி, எட்டாவதில் மறுபடி ச வருவதைக் காட்டியிருந்தாய். சபையில் ஒருவர் எழுந்து, பெயர்களை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று கேலி பண்ணினார். கால்சியத்தைத் தாண்டியதும் அந்த எட்டு உதைத்தது உண்மைதான். "ஆனாலும் ஏதோ ஒன்று திரும்பி வருகிறது என்பது அவர் காதில் விழுந்துவிட்டது" என்று எழுதினாய். பாடப்புத்தகத்துக்கு இது ஆகாது என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாய். பத்து நிமிஷம் கழித்து நானே வந்து, இருக்கட்டும் என்றேன். இப்போது அடித்துவிட்டேன்.

அட்டவணையின் பெயருக்கு நடந்த சண்டையும் ஞாபகம் வந்தது. ஆவர்த்தன அட்டவணை என்று எழுதியிருந்தோம். ஆவர்த்தனம் வடசொல், நல்ல தமிழில் வேண்டும் என்று பாடநூல் குழுவிலிருந்து திரும்பி வந்தது. தனிம வரிசை அட்டவணை என்று மாற்றினோம். வரிசை மட்டும்தானா இது, திரும்பத் திரும்ப வருவது எங்கே போயிற்று என்று நீ இரண்டு நாள் சமாதானமாகவில்லை. கடைசியில், பெயரில் இல்லாவிட்டாலும் மீண்டும் மீண்டும் வருவதுதான் இதற்கு உயிர் என்று அடியில் ஒரு வரி சேர்த்தாய். குழு அதை ஒன்றும் செய்யவில்லை. நான் அடித்தேன்.

மென்டலீவுக்கு வந்தபோது கை ஓடவில்லை. அது முழுக்க உன்னுடையது. அவரும் தன் மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர், எதற்குப் பிறகு எதைச் சொல்வது என்று திண்டாடித்தான் 1869இல் இந்த அட்டவணையில் வந்து நின்றார் என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்துவிட்டு, நம்மைப் போல ஒருத்தர் என்று சிரித்தாய். எடைப்படி வரிசையாக எழுதினார், ஒரே குணமுள்ளவை ஒன்றின்கீழ் ஒன்றாக விழும்படி வரிசையை மடக்கினார். அடுத்த எடைக்காரனின் குணம் அந்த இடத்துக்குப் பொருந்தாதபோது அவனை அங்கே திணிக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே இருந்த காலிக் கட்டத்துக்கு உரியது என்ன எடை இருக்கும், எவ்வளவு அடர்த்தி இருக்கும் என்று யாரும் பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதி வைத்தார். ஆறு வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் காலியத்தைக் கண்டுபிடித்து அடர்த்தி நாலு புள்ளி ஏழு என்றார். ருஷ்யாவில் உட்கார்ந்துகொண்டு இவர், ஐந்து புள்ளி ஒன்பதுக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும், சுத்தம் பண்ணி மறுபடி நிறுத்துப் பாருங்கள் என்று எழுதினார். நிறுத்தார்கள். ஐந்து புள்ளி ஒன்பது. பிறகு ஸ்காண்டியமும் ஜெர்மானியமும் அவர் உயிரோடு இருக்கும்போதே தத்தம் கட்டத்துக்கு வந்து சேர்ந்தன. இதை நீ எழுதி முடித்த அன்று எனக்குப் படித்துக் காட்டினாய். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், நன்றாக இருக்கிறது என்றேன். தலையை நிமிர்த்திச் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

அடித்த வரையில் பிரதியை எடுத்துக்கொண்டு மீரா உசேன் அச்சகத்துக்குப் போனேன். உன் அத்தியாயத்தை அவர் ஏற்கெனவே ஈய எழுத்தில் கோத்து வைத்திருந்தார். அட்டவணைப் பக்கத்துக்கு மட்டும் ஒன்பது நாள் பிடித்ததாம். எழுத்தில்லாத கட்டத்துக்கும் எழுத்தில்லாத ஈயத்துண்டை வைத்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டங்கள் ஆடும் என்று எனக்குக் காட்டினார். லாந்தனைடு வரிசையை நீ கீழே தனியாக இறக்கிப் போட்டதால்தான் பக்கத்தில் அடங்கியதாம், அதற்காக அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொன்னார். நான் சிவப்பு மை போட்ட தாள்களை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலைந்து தாள் புரட்டினார்.

"சார், இது அவங்க அத்தியாயம். இதுலேருந்து அவங்கள எடுத்தா பக்க நம்பர்தான் மிஞ்சும்" என்றார்.

பிள்ளைகளுக்காக இது இருக்கட்டும், கோபம் ஆறினால் அம்மாவே சரி என்பார்கள் என்றும் சொன்னார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தாள்களை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் அப்படி விட முடியவில்லை என்பதைச் சொல்ல, அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் போக வேண்டும்.

மாமாவின் வாய்க்கால் கரை நிலம் ஆறு மாவை இருபத்திரண்டு வருஷமாகக் குத்தகைக்குச் செய்தவர் வீரையன். கையில் சீட்டு கிடையாது. கணக்குப்பிள்ளையின் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் எல்லா வருஷமும் சொந்த சாகுபடி என்றே எழுதியிருந்தது. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தபோது, விவசாயச் சங்கத்துக்காரர்கள் அவருக்கு மனு எழுதிக் கொடுத்து, சாட்சி என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். கல்யாணமான வருஷம் முதல் ஒவ்வொரு தையிலும், வீரையன் களத்தில் குத்தகை நெல் அளக்கும்போது மாமாவுக்குப் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். மாமாவை எதிர்த்துச் சொல்ல ஊரில் வேறு ஆள் இல்லை.

மாமா கெட்டவர் இல்லை. பெண்ணைத் திருச்சியில் விட்டுப் படிக்க வைக்கிறான் என்று பங்காளிகள் இரண்டு வருஷம் வீட்டு வாசல் மிதிக்காதபோதும் உன்னை நிறுத்தாதவர். அவருக்கு இருந்தது பயம். உச்சவரம்பு என்றார்கள், பிறகு பதினைந்து ஏக்கர் என்றார்கள், இப்போது பதிவு என்கிறார்கள், இனி ஒரு மாவும் மிஞ்சாது என்று உன் சித்தப்பா தினமும் வந்து சொல்லிக்கொண்டிருந்தார். போன அறுவடையில் பக்கத்து ஊரில் வெளியாட்களை இறக்கியதில் இரண்டு பேருக்கு வெட்டு விழுந்து போலீஸ் முகாம் போட்டிருந்ததும் அவரை ஆட்டிவிட்டது. ஐயாவுவின் மருமகன் மாமனார் பக்கம்தான் நிற்பான் என்று மிராசுதார்கள் கூட்டத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

தாசில்தார் விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு நீ என்னிடம் கேட்டாய். "செவ்வாய்க்கிழமை ஒரு நாள் அங்க போகாதீங்க. பொய் சொல்லச் சொல்லல. அங்க இல்லாம இருங்க, அது போதும்."

நான் சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அப்பாவைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலேஜில் இரண்டாம் பீரியடில் பியூன் வந்து, கேட்டில் யாரோ நிற்கிறார்கள் என்றான். வீரையன். சலவை வேட்டி கட்டிக்கொண்டு, துண்டைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சாட்சி சொல்ல வாருங்கள் என்று அவர் கேட்கப் போகிறார், முடியாது என்று எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"அந்த வாய்க்கா கரையில நான் நட்டது மாப்ளய்யாவுக்கு ஞாபகம் இருக்குங்களா?"

"இருக்கு வீரையன்."

"அது போதுங்க. நானே மறந்துட்டமோன்னு இருந்துச்சு. அடங்கல்ல இல்லேங்கறாங்க, கணக்குப்புள்ள இல்லேங்கறாரு. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வகுப்புக்குத் திரும்பிப் போய்ச் சாக்பீஸை எடுத்தேன். எழுத முடியவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கும்பகோணம் பஸ்ஸில் ஏறினேன்.

கமலா, நம் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிஷ நடை. வந்து உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நேரம் இல்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. உன் முகத்தைப் பார்த்தால் போக முடியாது என்பதால்தான் வரவில்லை.

உங்கள் ஊர்ச் சாவடியில் தாசில்தார் என்னைக் கேட்டார். பார்த்ததைச் சொன்னேன். எத்தனை வருஷமாக என்று கேட்டார். எனக்குத் தெரிந்து எட்டு என்றேன். உன் சித்தப்பா எழுந்து என்னை என்னென்னவோ சொன்னார். மாமா உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது, அதைப் போட முயன்றுகொண்டே பேசினார்.

"வெயில் ஏறுது மாப்ளே. கமலா சாப்பாடு வச்சிக்கிட்டு காத்துக்கிட்டிருக்கும். போயிட்டு வாங்க."

அதன் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவ்வளவுதான் எனக்கு அவர் விட்டுவிட்டுப் போனது.

நான் வீடு வந்து சேர நாலு மணி. முந்தைய பஸ்ஸிலேயே செய்தி வந்து சேர்ந்திருந்தது. நீ எனக்குச் சோறு போட்டாய். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றாய். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாய். உங்கள் ஊருக்குப் போக ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது, "சரின்னு சொன்னீங்களே" என்றாய். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இருபத்து மூன்றாம் நாள் மாமா, சம்பா நடவுக்கு ஆட்கள் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த இடத்தில் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார் பாபநாசம் டாக்டர். நான் வந்தபோது நீ அவர் கால்மாட்டில் இருந்தாய். என்னைப் பார்த்து, "மத்தவங்க மாதிரி வந்துட்டுப் போயிடுங்க" என்றாய். உன் அண்ணன் நாகபுரியிலிருந்து மறுநாள் வந்து கொள்ளி வைத்தார். நான் மற்றவர்களைப் போல ஆற்றங்கரையில் தள்ளி நின்றேன். குடமுருட்டியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. எனக்கும் பின்னால், மூங்கில் புதர் ஓரத்தில், வீரையன் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

இனி, உனக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி. மாட்டுப் பொங்கலன்று வீட்டில் இருக்க முடியாமல் உங்கள் ஊருக்குப் போனேன். காரணம் கேட்காதே, இல்லை. நீயும் அத்தையும் அண்ணனோடு போனதிலிருந்து வீடு பூட்டிக் கிடந்தது. வாசல் நிலையில் யாரோ புதுக் கதிர்க்கொத்து ஒன்றைக் கட்டியிருந்தார்கள். வீரையன்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாய்க்கால் கரைக்கு நடந்தேன். அறுத்த நெல் தாளுக்கு நடுவில் வீரையன் மனைவி நாகம்மாள் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தது. உன்னைப் பற்றிக் கேட்டது. கடிதம் இல்லை என்றேன். அறுத்த புல்லைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே சொன்னது.

"நீங்க வந்து சொன்னதுல எங்களுக்கு நெலம் நின்னுச்சுங்க. இல்லேங்கல. ஆனா கமலாம்மா ஆடியிலேருந்து அவுங்கப்பாகிட்ட பேசிக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு வாய்தா போட்டுட்டா அடுத்த தடவ அப்பாவே வந்து, வீரையன்தான் பயிர் வைக்கிறான்னு ஒத்துக்குவாருன்னு எங்கிட்ட சொல்லுச்சு. ஐயாவும் மனசு எறங்கிட்டாருங்க. நானே பாத்தேன். எங்கிட்ட வந்து, உம் புருசன பயப்படாம இருக்கச் சொல்லுன்னாரு."

இதை வீரையனிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொன்னேங்க. அவரு நம்பல. ஆண்டைமாரு சொல்லை இருவது வருசம் நம்பியாச்சு, போதும்னாரு. அதான் உங்க காலேசுக்கு வந்தாரு."

அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாகம்மாள் என்ன நினைத்ததோ, புல்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

வீரையனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அவருக்கு நம்பக் காரணம் ஒன்றும் இல்லை. பதிவேட்டில் அவர் பெயர் ஏறியதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. ஆனால் மாமா தன் வாயால் கொடுக்க இருந்ததை, ஊர் பார்க்க அவர் கையிலிருந்து நான் பிடுங்கினேன். மனசு இறங்கி நின்ற மனிதரைப் பொய்யராக்கி உட்கார வைத்தேன். ஏன் போகக்கூடாது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். கேட்காமலே சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் உன்மேல் கோபம் வந்தது. பிறகு, ஏன் சொல்லவில்லை என்றும் புரிந்தது. நான் சரி என்று சொல்லிவிட்டேன். சரி என்றவனிடம் காரணம் எதற்கு என்று நம்பியிருக்கிறாய்.

ஊரிலிருந்து திரும்பி வந்து மறுபடி அத்தியாயத்தை எடுத்தேன். மீதியையும் படித்தேன். எடைப்படி பார்த்தால் அயோடின் முன்னால் வர வேண்டும், டெல்லூரியம் பின்னால். குணப்படி அயோடின் குளோரினின் குடும்பம். மென்டலீவ் குணத்தை நம்பி இடம் மாற்றினார், எடையை நிறுத்தவர்கள் தப்பு பண்ணியிருப்பார்கள் என்று நினைத்தார். எடையில் தப்பில்லை. அவருக்கும் முழுக் காரணம் தெரிந்திருக்கவில்லை. மோஸ்லே என்ற இளைஞர் எக்ஸ் கதிரை வைத்துப் பார்த்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் அணுக்கருவிலேயே ஓர் எண் இருக்கிறது, எடையை விட்டுவிட்டு அந்த எண்படி அடுக்க வேண்டும் என்று 1913இல் காட்டிய பிறகுதான் டெல்லூரியம் ஐம்பத்திரண்டு, அயோடின் ஐம்பத்து மூன்று என்று தீர்ந்தது. இரண்டு வருஷத்தில் அவர் யுத்தத்துக்குப் போய்ச் சுடப்பட்டு இறந்தார். "அப்போது அவருக்கு வயது இருபத்தேழு" என்று எழுதி நீ ஒரு வரி இடம் விட்டிருக்கிறாய். வேதியியலுக்கு இது எதற்கு என்று நான் கேட்டதற்கு, சொல்லாமல் அடுத்த பத்திக்குப் போக முடியவில்லை என்றாய்.

பிறகு கடைசிப் பகுதி. நெடுக்கில் உறவு, கிடையில் மாற்றம் என்று ஒரே வரியில் முழு அட்டவணையையும் சொல்லிவிட்டாய். வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரானோடு இடது ஓரத்தில் நிற்கும் சோடியம் அதைக் கொடுத்துவிடத் துடிக்கிறது, ஒன்று குறைவாக இருக்கும் குளோரின் வாங்கக் காத்திருக்கிறது, வலது கடைசியில் கூடு நிரம்பிய ஆர்கான் வகையறா யாரோடும் சேருவதில்லை. மென்டலீவுக்குத் தெரியாத அந்தக் குடும்பம் பின்னால் வந்தபோது ஒரு நெடுக்கையே புதிதாகச் சேர்த்தார்கள், ஏற்கெனவே இருந்தது எதுவும் கலையவில்லை என்று நீ எழுதிய பத்தியில் என் சிவப்பு மை இல்லை. அதற்குமேல் அடிக்க முடியாமல் முதல் தடவையே நிறுத்தியிருக்கிறேன்.

மீரா உசேன் சொன்னது மறுபடி ஞாபகம் வந்தது. பிள்ளைகளுக்காக இருக்கட்டும். அது நல்ல காரியம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏறும்போதும் நான் நல்ல காரியம் என்றுதான் ஏறினேன். உன் வார்த்தையை இன்னொரு தடவை நல்ல காரியத்துக்காக என்னால் தாண்ட முடியாது. எடுக்கச் சொன்னாய். எடுத்துவிட்டேன்.

பதினாறு நாளில் புதிதாக ஓர் அத்தியாயம் எழுதினேன். டாபரைனர் இருக்கிறார், நியூலாந்து இருக்கிறார், மென்டலீவ், மோஸ்லே, வரிசைகள், தொகுதிகள் எல்லாம் இருக்கின்றன. அவை ஊருக்குப் பொது. சொன்ன விதத்தில் உன்னுடையது ஒரு வரியும் இல்லை. உன்னுடையது பத்தொன்பது பக்கம், என்னுடையது பதினொன்று. தப்பு எதுவும் இல்லை. பிள்ளைகள் மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதுவார்கள். போன வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தேன். மீரா உசேன் தாள்களை வாங்கி வைத்தார். உன் பக்கங்களைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்தந்த அறையில் போட ஆரம்பித்தார். ககரம் ககரத்தோடு, மகரம் மகரத்தோடு. முடியும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பெயர் எழுதும் தாள் குழுவிலிருந்து வந்த அன்று நீ எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். நான் என் பெயரை மட்டும் எழுதி மடித்து உறையில் போட்டேன். நீ பார்த்தாய். கண்ணில் தண்ணீர் வந்ததை வெங்காயம் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கும் கேட்கவில்லை.

உன் கையெழுத்துப் பிரதியை நாளை மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். சிவப்பு மை பட்டதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அடித்த கோட்டுக்கு அடியில் எல்லா எழுத்தும் படிக்கும்படி இருக்கிறது. முதல் தாளின் தலைப்பில், ஐ. கமலாம்பாள், பி.எஸ்ஸி. எழுதியது என்று எழுதி வைத்திருக்கிறேன். அங்கே பள்ளிக்கூட வேலைக்கு மனு போட்டால் அதையும் சேர்த்து அனுப்பு. எங்காவது அச்சுக்குக் கொடுத்தாலும் சரி. திரும்பி இந்த ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. வீட்டுச் சாவி வழக்கமான இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை ஒன்று இணைத்திருக்கிறேன். தபால்காரர் அதில் கையெழுத்துக் கேட்பார். மைத்துனரையோ அத்தையையோ போடவிடாதே. நீயே வாசலுக்கு வந்து வாங்கி, உன் கையால், உன் முழுப் பெயரையும் எழுது. அந்த அட்டை எனக்குத் திரும்பி வரும். பதில் எழுத மனசில்லாவிட்டால் வேண்டாம், அது ஒன்று போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிற,
வைரக்கண்ணு